தர்மபுரி பள்ளிக்கு வந்திருக்கும் மூன்று மின்சிக்கனத் திட்டங்கள்: எதை எடுக்கலாம், எந்த வரிசையில்?

கேள்வி: பாலக்கோடு சாலை

தர்மபுரியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக் பள்ளிக்காகக் கேட்கிறேன். 1,150 பிள்ளைகள், 36 வகுப்பறைகள். அறைக்கு 4 மின்விசிறி, 4 பழைய சோக் வைத்த டியூப்லைட். கம்ப்யூட்டர் லேபில் 40 இயந்திரம், 2 ஏ.சி. போர்வெல்லுக்கு 5 எச்.பி. மோட்டார். போர் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு காரணமாக மணிக்கு 500 லிட்டர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று ஓடுகிறது. த்ரீ பேஸ், தாழ்வழுத்த இணைப்பு. பள்ளி நடக்கும் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 6,500 முதல் 7,000 யூனிட் வருகிறது.

மூன்று இடத்திலிருந்து வந்து பேசியிருக்கிறார்கள்.

முதல் நிறுவனம் மொட்டை மாடி முழுக்க 60 கிலோவாட் சோலார் போடுகிறேன் என்கிறது. நாங்கள் ஒரு ரூபாயும் போட வேண்டாம். 25 ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசு, ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும். உற்பத்தியாவது அத்தனைக்கும் நாங்கள் பணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது நிறுவனம் எல்லா விளக்கையும் எல்.இ.டி.யாகவும், எல்லா மின்விசிறியையும் மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகையாகவும் மாற்றித் தருமாம். செலவு அவர்களுடையது. ஐந்து ஆண்டுக்கு மிச்சமாகும் தொகையில் 80 சதவீதம் அவர்களுக்கு.

மூன்றாவது ஓர் ஆலோசனை நிறுவனம். எரிசக்தித் தணிக்கையும் பசுமைப் பள்ளிச் சான்றிதழும் வாங்கித் தருகிறோம், கட்டணம் தனி என்கிறார்கள்.

இதில் எது முதலில்? அரசாங்க வழியில் ஏதாவது கிடைக்குமா? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் குழுவில் வைத்துப் பேச உதவும்.

---

பதில்: மின்கணக்கு

முதலில் 60 கிலோவாட் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் பகுதியில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 60 கிலோவாட் என்றால் நாளுக்கு 240, இரண்டு மாதத்துக்கு 14,400. உங்கள் மொத்தச் செலவே 7,000. வேண்டியதைப் போல் இரண்டு மடங்கை உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

அதைவிட முக்கியமானது பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி. வேலை நாள் ஆண்டுக்குச் சுமார் 210. மீதி 155 நாள் விடுமுறை. சூரியன் விடுமுறை எடுக்காது. அதுவும் நம் ஊரில் நன்றாக வெயில் அடிப்பது பிப்ரவரி முதல் மே வரை. அதில் ஏப்ரல் பாதி தேர்வு, மே முழுக்கப் பூட்டு. தகடு அதிகம் விளைவிக்கும் நாளில் பள்ளியில் ஒரு விசிறிகூடச் சுற்றாது. சின்ன அமைப்பாகவே இருந்தாலும், ஆண்டு உற்பத்தியில் சுமார் 57 சதவீதத்துக்கு மேல் நீங்கள் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. 210ஐ 365ஆல் வகுத்தால் வருவது அவ்வளவுதான். மிச்சம் மின்வாரியக் கம்பிக்குப் போகும். அந்த யூனிட்டுக்கு வாரியம் என்ன விலை தரும் என்பதில்தான் திட்டத்தின் உயிரே இருக்கிறது.

போன யூனிட்டை வந்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழிப்பது ஒரு முறை. போன யூனிட்டுக்குத் தனியாக, குறைந்த விலை போட்டுக் கணக்கில் வைப்பது இன்னொரு முறை. இரண்டாவது முறை உங்கள் இணைப்புக்குப் பொருந்தினால், அந்த விலை 5.50க்குக் கீழே இருக்கும்பட்சத்தில், விடுமுறை நாளில் தகடு விளைவிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கையிலிருந்து காசு போகும். 60 கிலோவாட்டின் ஆண்டு உற்பத்தி சுமார் 87,000 யூனிட். உங்கள் பகல் நேரப் பயன்பாடு தாராளமாகப் போட்டாலும் 25,000. மீதி 62,000 யூனிட்டை வாங்கி வாரியத்துக்கு விற்கும் வேலை பள்ளிக்கு எதற்கு?

எனவே உங்கள் மின் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டுப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எங்கள் தாரிஃபுக்கு (கட்டணப் பிரிவுக்கு) எந்த அளவீட்டு முறை? வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை? நெட்வொர்க் கட்டணம் உண்டா, எவ்வளவு? நிறுவனத்தின் ஆள் வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். வீட்டு இணைப்புக்கு உள்ள சலுகையைச் சொல்லிப் பள்ளிக்கும் அதுதான் என்று பேசுவது சாதாரணமாக நடக்கிறது.

3 சதவீத ஏற்றத்தையும் விரித்துப் பாருங்கள். 5.50 என்பது 11ஆம் ஆண்டில் 7.39 ஆகும். 25ஆம் ஆண்டில் 11.18. தகடு பழசாகப் பழசாக விலை ஏறுகிறது.

இரண்டாவது திட்டம் அடிப்படையில் கெட்டதல்ல. அதன் சூட்சுமம் எல்லாம் "மிச்சம்" என்பதை எப்படி அளக்கிறார்கள் என்பதில். பழைய விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. 30 வாட், விசிறிக்கு 45 வாட் மிச்சம். 144 விசிறிக்கு 6.48 கிலோவாட். ஒப்பந்தத்தில் நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று அடிப்படைக் கணக்கு எழுதியிருந்தால் மிச்சம் 19,440 யூனிட் என்று வரும். நிஜத்தில் சராசரியாக நாளுக்கு ஐந்தரை மணி, 210 நாள். வருவது சுமார் 7,500 யூனிட். இல்லாத 12,000 யூனிட்டுக்கு 80 சதவீதம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

விளக்கையும் விசிறியையும் பிரித்துப் பாருங்கள். யூனிட் 9 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் டியூப்லைட்டை எடுத்து 20 வாட் எல்.இ.டி. பேட்டன் போட, ஒன்று 250 ரூபாய் என்றால் 144க்கு 36,000 ரூபாய். பள்ளி நடக்கும் ஆறரை மணி நேரத்தில் எப்போதும் பாதிதான் எரியும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 2,900 யூனிட்டுக்கு மேல் மிச்சம், 26,000 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்குள் போட்ட காசு வந்துவிடுகிறது. இதற்குப் போய் 80 சதவீதம் பங்கு கொடுப்பது வீண். உங்கள் எலக்ட்ரீஷியனை வைத்து நீங்களே செய்யுங்கள்.

விசிறி அப்படி இல்லை. ஒன்று 2,700 ரூபாய் என்றால் 144க்கு கிட்டத்தட்ட 3.9 லட்சம். மிச்சம் ஆண்டுக்கு 67,000 ரூபாய். ஆறு ஆண்டு ஆகும். எனவே ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். பிள்ளைகள் நாள் முழுக்க இருக்கும் அறைகளில் முதலில் மாற்றுங்கள். லேப், நூலகம், இசை அறை கடைசியில். காயில் போன விசிறியைத் திரும்பச் சுற்றக் கொடுக்காமல், போகப் போகப் புதியது போடுவது இன்னொரு வழி. மெதுவாகச் சுற்றும் பழைய விசிறியைக் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். ஐம்பது ரூபாய்ச் சாமான்.

ஒரு வேலை இன்றே செய்யலாம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொண்டு திங்கள் காலை 8 மணிக்கு மறுபடி குறியுங்கள். 38 மணி நேரம். யாரும் இல்லாத பள்ளியில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். 19 யூனிட் என்றால் 500 வாட் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது மட்டும் ஆண்டுக்கு 4,380 யூனிட். மோட்டார் ஓடியிருந்தால் அந்த நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

---

பதில்: தென்பெண்ணை சோலார்

சார், மேலே சொன்ன கணக்கு சரி. வேலை செய்யும் இடத்தில் என்னென்ன கெடும் என்பதை நான் சொல்கிறேன்.

பி.எல்.டி.சி. விசிறிக்குப் பழைய ரெகுலேட்டர் ஆகாது. அதை விட்டுவைத்தால் விசிறி விட்டு விட்டுச் சுற்றும், உள்ளே இருக்கும் போர்டு சீக்கிரம் போகும். ரெகுலேட்டரை எடுத்து நேராக இணைக்க வேண்டும். அடுத்தது ரிமோட். வகுப்பறையில் ரிமோட் ஒரு வாரம் தாங்காது, ஒரு ரிமோட்டை அழுத்தினால் நான்கு விசிறியும் சேர்ந்து ஆடும். சுவர் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறும் மாடலும் உண்டு, சுவரிலேயே பொருத்தும் கட்டுப்பாடு உள்ள மாடலும் உண்டு. பள்ளிக்கு இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் நியூட்ரலை (மின்சாரம் திரும்பும் கம்பியை) பாருங்கள். த்ரீ பேஸ் இணைப்பில் மெயின் பலகையில் நியூட்ரல் இறுக்கம் தளர்ந்தால் ஒரு பேஸில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறும். பழைய விசிறி தாக்குப்பிடித்துவிடும். எல்.இ.டி.யும் பி.எல்.டி.சி.யும் ஒரே மதியத்தில் வரிசையாகக் காலியாகும். மாற்றுவதற்கு முன் மெயின், மாடிவாரிப் பலகைகள் எல்லாவற்றிலும் நியூட்ரல் முனையைக் கழற்றி, கருப்பேறியிருந்தால் வெட்டிப் புது லக் (கம்பி முனைக் கவ்வி) அடித்து, இறுக்க வேண்டும். எர்த் குழியையும் அளக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மெயினில் ஒரு சர்ஜ் பாதுகாப்பு.

பழைய பட்டியிலேயே எல்.இ.டி. டியூப் மாட்டுகிறீர்கள் என்றால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி எறியுங்கள். சோக் உள்ளே இருந்தால் அது தனியாகச் சூடாகித் தின்னும். இன்னொன்று: நம் பள்ளிகளில் விளக்கு வரிசையை வாசல் பக்கமிருந்து கரும்பலகைப் பக்கம் வரை ஒரே சுவிட்சில் போட்டிருப்பார்கள். ஜன்னல் ஓர விளக்குக்குத் தனிச் சுவிட்ச் கொடுங்கள். பெரும்பாலான நாளில் அது எரியவே வேண்டியதில்லை.

இப்போது சோலார். 15 கிலோவாட்டுக்கு 540 வாட் தகடு 28 வரும். இடைவெளியோடு 1,500 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும். முகம் தெற்கே, சாய்வு 12 பாகை போதும், தர்மபுரியின் அட்சரேகையே அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரின் நிழல், தண்ணீர்த் தொட்டியின் நிழல், பக்கத்துத் தென்னை எல்லாவற்றையும் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மாடியில் நின்று பாருங்கள், டிசம்பரில் நிழல் இன்னும் நீளும். வரிசையில் ஒரு தகட்டின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுக்க இறங்கும்.

மாடியில் சுருக்கி (சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளம்) போட்டு ஓடு பதித்திருந்தால், அதைத் துளைத்து ஆங்கர் அடிக்க விடாதீர்கள். அடுத்த ஐப்பசி மழைக்குக் கீழே வகுப்பறை ஒழுகும். ஓட்டை அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுத்து, தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் கட்டி, சுற்றி நீர்க்காப்பு பூசி, அதன்மேல் கால் நிறுத்த வேண்டும். கட்டட உறுதிச் சான்று தரும் பொறியாளரிடமே காற்று வேகத்துக்கும் சேர்த்து எழுதி வாங்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை என்றால் வேண்டவே வேண்டாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம், ஜெகதேவி, பர்கூர் வட்டாரத்தில் கிரானைட் தூள் தகட்டில் மாவு போலப் படியும். பனி பட்டுக் காய்ந்தால் கெட்டியாகிவிடும். தர்மபுரியில் வேறு வம்பு: போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும், அடுத்த தடவை தேய்த்தாலும் போகாது. விடிந்ததும், கண்ணாடி சூடேறுவதற்கு முன், மழைத்தண்ணீரோ மென்மையான தண்ணீரோ கொண்டு கழுவி, ரப்பர் வைப்பரால் உடனே இழுத்துவிட வேண்டும். பென்னாகரம், அஞ்செட்டி மாதிரி குரங்கு வரும் இடத்தில் கேபிளை வெளியே தொங்கவிடக் கூடாது, குழாய்க்குள்தான் ஓட வேண்டும்.

வேலை முடிந்ததும் நீங்களே சரிபார்க்கக்கூடியவை: மாறுமின் பக்கம் (ஏ.சி.), நேர்மின் பக்கம் (டி.சி.), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி இருக்கிறதா. தகட்டின் பின்புற இணைப்பிகள் ஒரே கம்பெனியுடையவையா (வேறு வேறு கம்பெனி ஆணும் பெண்ணும் மாட்டினால் சரியாகப் பிடிக்காமல் சூடேறி உருகும்). மாடி ஏணிக்குப் பூட்டு இருக்கிறதா.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேட்டரி இல்லாத கிரிட் இன்வெர்ட்டர் வாரிய மின்சாரம் நின்ற உடனே தானும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்யும் ஆளின் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் இன்னும் கவனம். சோலார் ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓடினால், சுமை குறையும்போது மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். அதைத் தடுக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் இரண்டையும் இணைக்கக் கூடாது.

---

பாலக்கோடு சாலை

இருவருக்கும் நன்றி. சனி–திங்கள் மீட்டர் பார்த்தோம், 31 யூனிட். மோட்டார் ஓடவில்லை. இது எங்கே போகிறது? ஆர்.ஓ. பற்றியும் சொல்லுங்கள், கழிவுத் தண்ணீரை மழைநீர்க் குழியில் விடலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது.

---

பதில்: மின்கணக்கு

31 யூனிட்டை 38 மணியால் வகுத்தால் 800 வாட்டுக்கு மேல். ஆண்டுக்கு 7,000 யூனிட், அதாவது 144 விசிறியை மாற்றி வரும் மிச்சத்துக்குக் கிட்டத்தட்ட சமம். இதைப் பிடிக்க காசு அதிகம் ஆகாது, அதனால் இதுதான் முதல் வேலை.

மாலையில் மாடிவாரியாக எம்.சி.பி.யை (பலகையில் உள்ள துண்டிப்பு சுவிட்சை) ஒவ்வொன்றாக இறக்கி, கம்பியைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரை மெயினில் வைத்துப் பாருங்கள். எதை இறக்கும்போது ஆம்பியர் சட்டென்று குறைகிறதோ அந்த வழியில் தேடுங்கள். பள்ளிகளில் வழக்கமாக அகப்படுபவை: குளிர்நீர் இயந்திரம், ஆர்.ஓ.வின் தானியங்கிப் பம்பு, லேப் யு.பி.எஸ்., அலுவலக இன்வெர்ட்டர்கள், இரவெல்லாம் எரியும் வளாக விளக்கு. குளிர்நீர் இயந்திரம் ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கோ தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருக்கும். அதற்கு வாரநாள் கணக்குள்ள டிஜிட்டல் டைமர் ஒன்று போதும். சாதாரண 24 மணி நேர டைமர் வாங்கினால் ஞாயிறும் ஓடும், பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் வெதுவெதுப்பாக இருந்து, மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் குடித்தால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. சார்ஜ் ஏறாமல் மின்சாரத்தைச் சூடாக மாற்றி வீணடித்துக்கொண்டிருக்கும். சி.சி.டி.வி., இன்டர்நெட் கருவிகள் மட்டும் ஓடட்டும். அவற்றைத் தனி எம்.சி.பி.யில் போட்டுவிட்டால், கடைசியில் கிளம்புபவர் மற்றதை இறக்கிவிட்டுப் போக வசதி. பழைய வயரிங்கில் எர்த் கசிவும் இருக்கலாம். எல்லா எம்.சி.பி.யும் ஒவ்வொன்றாக இறக்கிய பிறகும் மீட்டர் துடித்தால் உடனே உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அழையுங்கள். அங்கே மின்கட்டணத்தைவிடப் பிள்ளைகளின் பாதுகாப்பு பெரியது.

ஆர்.ஓ. கழிவை மழைநீர்க் குழியில் விடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஆர்.ஓ. ஃபுளோரைடை அழிப்பதில்லை, பிரித்துக் கழிவுத் தண்ணீரில் செறிவாக்கித் தள்ளுகிறது. அதைக் குழியில் விட்டால் நீங்கள் இறைக்கும் அதே நிலத்தடி நீருக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரக் கட்டுப்பாடு. நம் மாவட்டத்தில் பல கிணறுகள் இதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

உங்கள் அளவைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு 2 லிட்டர் என்றால் நாளுக்கு 2,300 லிட்டர் நல்ல தண்ணீர். 100 லிட்டர் ஊற்றினால் 40 லிட்டர் நல்லது வரும் இயந்திரம் என்றால் 5,750 லிட்டர் போரிலிருந்து இறைக்க வேண்டும், 3,450 லிட்டர் கழிவு. இந்தக் கழிவைத் தனித் தொட்டியில் பிடித்துக் கழிப்பறை ஃபிளஷுக்கு விடுங்கள். ஆயிரம் பிள்ளைகள் உள்ள இடத்தில் அத்தனையும் அதிலேயே செலவாகிவிடும், போர் மோட்டாரும் அந்த அளவு குறைவாக ஓடும். சமையலுக்கோ கை கழுவும் குழாய்க்கோ இணைக்காதீர்கள், பிள்ளைகள் அந்தக் குழாயில் குடித்துவிடுவார்கள். ஒகேனக்கல் தண்ணீர் இணைப்பு இருந்து குடிக்கும் அளவுக்கு வந்தால், அதைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஆர்.ஓ.வைக் கூடுதல் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் சும்மா ஓடுவது இன்னொரு ஓட்டை. 5 எச்.பி. மோட்டார் மணிக்கு 5 யூனிட் அளவுக்கு இழுக்கும். மேல்தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் காவலர் ஓடிப்போய் அணைக்கிறார் என்றால் மிதவை சுவிட்ச் மாட்டிவிடுங்கள், போர் வற்றினால் நிறுத்தும் ட்ரை ரன் பாதுகாப்போடு சேர்த்து. அணைத்ததும் குழாயில் தண்ணீர் சலசலவென்று திரும்பி இறங்கும் சத்தம் கேட்டால் நான்-ரிட்டர்ன் வால்வோ இறக்கிய பைப்பின் மூட்டோ போய்விட்டது. ஏற்றிய தண்ணீரையே மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். சோலார் வந்த பிறகு மோட்டாரையும் ஆர்.ஓ.வையும் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்குள் ஓடும்படி டைமரில் வையுங்கள்.

---

பதில்: ஊத்தங்கரை ஆசிரியர்

அரசாங்க வழி பற்றி.

பி.எம். சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அது வீடுகளுக்கு மட்டும். பள்ளிக்குக் கிடைக்கும் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் முன்பு டெடா (தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை) பார்த்த சூரிய மின் பணிகள் இப்போது தமிழ்நாடு பசுமை ஆற்றல் கழகத்திடம் இருக்கின்றன. மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். கட்டடங்களில் விளக்கு, விசிறி, ஏ.சி. மாற்றும் பணியைச் செய்கிறது. அது பெரும்பாலும் அரசுக் கட்டடங்களை மொத்தமாக எடுத்துச் செய்வது.

அரசுப் பள்ளியாக இருந்தால் 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" வழியாக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135இன்படி 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஓசூர் தொழிற்சாலைகளை அணுக நமக்கு இது நல்ல பிடி. உங்கள் அறக்கட்டளையும் கேட்கலாம். ஆனால் அறக்கட்டளைக்கான வருமான வரிப் பதிவுகளோடு (12ஏ, 80ஜி), சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்திலும் பதிந்திருக்க வேண்டும். கட்டணம் வாங்கும் பள்ளிக்கு நிறுவனங்கள் தயங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேட்கும்போது "சோலார் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். சாமான் வந்து இறங்கும், படம் எடுப்பார்கள், ஐந்தாம் ஆண்டில் இன்வெர்ட்டர் உத்தரவாதம் முடிந்ததும் அதை மாற்ற யாரிடமும் காசிருக்காது. ஐந்தாண்டுப் பராமரிப்பையும் ஒரு மாற்று இன்வெர்ட்டரையும் சேர்த்தே கேளுங்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில், தகட்டைக் கழுவுவது யார் பொறுப்பு என்பது வரை எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது நிறுவனத்தின் சான்றிதழ் மின்கட்டணத்தைக் குறைக்காது. தணிக்கை பயனுள்ளதுதான், ஆனால் செய்பவர் எரிசக்தித் திறன் பணியகத்தின் தேர்வில் தேறிய சான்று பெற்ற தணிக்கையாளரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டே காற்று, எரிசக்தி, உணவு, நிலம், தண்ணீர், கழிவு ஆறையும் அளந்து எழுதவைக்கும் முறை ஒன்று டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் பசுமைப் பள்ளித் திட்டத்தில் இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விசிறிகளை எண்ணி, மீட்டர் பார்த்து, பட்டியல் போட்டால் அறிவியல் பாடமும் ஆயிற்று, தணிக்கையில் பாதி வேலையும் முடிந்தது.

மேல்மாடி வகுப்பறைகள் கொதிக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. தர்மபுரியில் அது இருக்கும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இவ்வளவு இல்லை. மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதானால், ஒழுகலைச் சரிசெய்தபின், சோலார் கால் நிறுத்துவதற்கு முன் அடித்துவிடுங்கள். தகட்டுக்கு அடியில் புகுந்து பிறகு பூச முடியாது. தகடு வரும் இடத்தில் அதன் நிழலே அறையைக் குளிர்விக்கும் என்பதால், பூச்சை மற்ற அறைகளின் மேல் முதலில் வையுங்கள்.

---

பாலக்கோடு சாலை

குழுவில் பேசினோம். விளக்கு, டைமர், மிதவை சுவிட்ச் எங்கள் செலவில். விசிறிக்கும் சோலாருக்கும் அந்த நிறுவனங்களிடம் திருப்பிப் பேசலாம் என்று முடிவு. எதை எழுதச் சொல்வது?

---

பதில்: மின்கணக்கு

விசிறி நிறுவனத்திடம்: பழைய விசிறியில் பத்து, புதியதில் பத்து, இரு தரப்பும் நின்று வாட்மீட்டரில் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். ஓடும் நேரத்தை நாளுக்கு ஐந்தரை மணி, 210 நாள் என்று ஒப்பந்தத்தில் நிலைப்படுத்துங்கள். மொத்த மின்கட்டண ரசீதை வைத்து மிச்சம் கணக்கிட ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் காசு போட்ட டைமர், விளக்கு மிச்சமும் அதில் கலந்து அவர்கள் பங்காகப் போய்விடும். கெட்டுப்போன விசிறியை ஏழு நாளுக்குள் மாற்ற வேண்டும், மாற்றாத நாளுக்கு அந்த விசிறியின் பங்கு கிடையாது. இந்த எண்களில் 80 சதவீதம் ஐந்தாண்டுக்குக் கொடுத்தால் அவர்களுக்குச் சுமார் 2.7 லட்சம் வரும், 3.9 லட்சம் முதல் போட்டவர் இதற்கு வரமாட்டார். மொத்தமாக வாங்குவதால் விலை குறையலாம், அல்லது ஆண்டு எண்ணிக்கையை ஏழாக, எட்டாகக் கேட்பார். அதுவரை போகலாம், சதவீதத்தைக் குறைத்து.

சோலாரில் அளவை 15 கிலோவாட்டுக்கு இறக்குங்கள். விளக்கும் விசிறியும் மாறியபின் வேலை நாளில் உங்கள் பகல் செலவு 70 யூனிட் அளவுக்கு வரும், 15 கிலோவாட் 60 தரும், ஏறக்குறைய அத்தனையும் உள்ளேயே செலவாகும். சிறிய அமைப்புக்கு முதலீட்டு நிறுவனங்கள் ஆர்வம் காட்டமாட்டா. அப்போது சொந்தமாக வாங்கும் விலையையும் கேட்டு ஒப்பிடுங்கள். ஒன்றைத் தெரிந்து பேசுங்கள்: சோலாருக்கு வருமான வரியில் கிடைக்கும் 40 சதவீதத் தேய்மானக் கழிவு லாபம் காட்டும் நிறுவனத்துக்குத்தான் பயன்படும், வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைக்கு அதனால் ஒன்றுமில்லை. நிறுவனம் போட்டால் அந்தப் பலன் அவர்களுக்குப் போகிறது, அதில் ஒரு பங்கு யூனிட் விலையில் உங்களுக்கு இறங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும். உற்பத்தியான யூனிட்டுக்கு இல்லாமல், பள்ளி பயன்படுத்திய யூனிட்டுக்கு மட்டும் 5.50. வெளியே போனதற்கு வாரியம் தரும் விலை எதுவோ அதுவே அவர்களுக்கு. ஆண்டு ஏற்றம் வேண்டாம், அல்லது வாரியத் தாரிஃபில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது என்ற உச்சவரம்பு. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பள்ளி வாங்கிக்கொள்ள விரும்பினால் என்ன விலை என்ற அட்டவணை, கையெழுத்துக்கு முன்பே. அந்த அட்டவணை இல்லாமல் 25 ஆண்டு ஒப்பந்தம் எதிலும் கை வைக்காதீர்கள். இன்னொரு மாடி எழுப்பினால் தகட்டைக் கழற்றி மாட்டும் செலவு ஒருமுறை அவர்களுடையது. கால் நிறுத்திய இடத்தில் ஒழுகினால் பத்தாண்டு வரை அவர்கள் பொறுப்பு.

எல்லாம் முடிந்து இரண்டு ரசீது வந்தபின், பதிவான உச்சச் சுமையைப் பாருங்கள். விளக்கும் விசிறியும் மாறியதில் பத்து கிலோவாட் வரை குறைந்திருக்கலாம். நிலைக் கட்டணம் அனுமதிக்கப்பட்ட சுமைக்கு ஏற்ப வருவதால், சுமைக் குறைப்புக்கு விண்ணப்பித்தால் அந்தத் தொகையும் குறையும். ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு என்று ஏறும் நாளையும் கணக்கில் வைத்து இரண்டு மூன்று கிலோவாட் இடம் விட்டு விண்ணப்பியுங்கள். சோலாருக்கு அனுமதிக்கப்படும் அளவு அனுமதிச் சுமையோடு தொடர்புடையது. அதனால் சோலார் இணைப்பு கையில் வந்த பிறகே சுமையைக் குறைக்கக் கேளுங்கள்; அதுவும் 15 கிலோவாட்டுக்குக் கீழே இறக்காமல்.